இரண்டு அங்குலம்

ஜூன் 12, வியாழன் இரவு

இத்தனை வருடமாகக் குஷன் வேலை செய்கிறேன். இன்று நான் செய்த தவறை நேற்று வேலைக்கு வந்தவன்கூடச் செய்யமாட்டான். யாழ்ப்பாணத்து டொக்டரின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டிரைவர் ஆசனத்தைப் பிரித்து, புது ஸ்பொஞ் வைத்து, சிவப்பு ரெக்சினில் தைத்து மாட்டினேன். தையல் ஒரு இடத்திலும் கோணவில்லை. ஆனால் உயரத்தை நானே உட்கார்ந்து பார்த்து முடிவு செய்துவிட்டேன். நான் ஐந்தடி. டொக்டர் ஆறடி.

பின்னேரம் நல்ல மழை. கன்வஸ் கூரையை மூடிவிட்டு டொக்டர் ஏறினார். தலை முட்டியது.

"என்ன இது? நான் கழுத்தை மடிச்சு வச்சுக்கொண்டோ ஓடுறது?"

"நாளைக்கே பிரிச்சு இறக்கித் தந்துர்றேன் சேர்" என்றேன்.

கூட வந்திருந்த அவர் மனைவி என்னைவிடக் குள்ளம். இந்தக் காரை ஓட்ட இரண்டு தலையணை வேண்டியிருந்ததால் வெட்கப்பட்டு ஓட்டுவதையே விட்டவராம். "கொஞ்சம் இறங்குங்கோ" என்று கணவரை இறக்கிவிட்டு, தான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"இஞ்ச பாருங்கோ, எனக்கு றோட்டு முழுக்கத் தெரியுது! இதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

அவரே ஓட்டி, ஹந்தானை மலை வரை இருவரும் போய் வந்தார்கள். நான் இன்னும் தைக்காத இடப்பக்க ஆசனத்தில், கம்பிச் சுருளின் மேல் சாக்கை விரித்து டொக்டர் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது இடுப்பைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

நாளை அந்த ஆசனம். இரண்டு அங்குலம் தாழ்த்தித் தைக்கவேண்டும். இனி அங்கே உட்காரப்போவது ஆறடி.