செங்கோட்டையில் இறங்கிவிடுங்கள்

இலஞ்சி,
வியாழன் மாலை.

அன்புள்ள அத்தானுக்கு,

சத்யபிரியா எழுதுவது. நலமாக இருக்கிறீர்களா? கொச்சியில் மழை விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். வேலை முடிந்து நனைந்துகொண்டே அறைக்குப் போகாதீர்கள். இங்கே அம்மாவும் அப்பாவும் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் என்னிடம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாண்டித்துரை மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது. "நீ ஒண்ணும் பேசாதட்டி. மாப்பிள்ள நைசாப் பேசி ஒம் மனசக் கலைச்சிருவாரு. எல்லாம் நாங்க பேசிக்கிடுதோம்" என்று வாங்கிக்கொண்டார். நீங்கள் அழைத்தீர்களா, அழைத்திருந்தால் யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. நீங்கள் அழைக்கவே இல்லையோ என்றும் சில நேரம் தோன்றுகிறது. அப்படி நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிதிர் முகம்மது என்பவர் கொண்டு வருவார். என் வகுப்பில் படிக்கும் மாஜிதாவின் வாப்பா. சனிக்கிழமை காலையில் எர்ணாகுளத்துக்கு லோடு ஏற்றிப் போகிறார். உங்கள் கம்பெனி வாசலில் நின்று உங்கள் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு வந்து சேர்ந்த கதை வேறாக இருக்கும்.

தலை ஆடிக்கு என்னை அழைத்துவர அப்பா வந்தபோது அத்தை முகம் கொடுத்துத்தான் பேசினார்கள். நாங்கள் படி இறங்கும்போது, "ஆவணி பொறந்து வரும்போது அந்தக் காலேஜ் வேலய எழுதிக் குடுத்துட்டு வந்துரு. சாயந்தரம் வெளக்கு வைக்க வீட்ல ஆளு வேணும்லா" என்றார்கள். நான் தலையாட்டவில்லை. என் குணம் உங்களுக்குத் தெரியும், வாயும் திறக்கவில்லை. இங்கே வந்த பிறகு உங்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: 'வேலையை விட எனக்கு மனசு இல்லை. நீங்கள் அத்தையிடம் சொல்லுங்கள்.' நான் கேட்டது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். கௌரவ விரிவுரையாளர் வேலைதான், நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும்தான் எனக்கு முழுக் குரல் வருகிறது.

அந்த வரியை நீங்கள் அத்தைக்கு அனுப்பினீர்கள் போலிருக்கிறது. தப்பில்லை. அத்தை உங்கள் சித்தப்பாவிடம் காட்டினார்கள். உங்கள் அப்பா இல்லாத வீட்டில் அவர்தானே பெரியவர். ஆனால் வல்லிநாயகம் சித்தப்பா அதைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டார். யார் யாரோ பார்த்து, கடைசியில் என் மாமாவின் போனுக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே மாமா எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நமக்காகப் பேச ஒரு ஆள் வந்துவிட்டார் என்று நினைத்தேன். காப்பி போட்டுக் கொடுத்தது நான்தான்.

இந்த வாரம் வகுப்பில் வியட்நாம் பாடம். சம்பந்தமில்லாமல் ஏதோ எழுதுகிறாள் என்று தாண்டிவிடாதீர்கள். லட்சக்கணக்கானவர்கள் செத்த ஒரு போரை நம் வீட்டுச் சண்டையோடு வைத்துப் பேசுவது சரியில்லை. வகுப்பில் அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு சண்டை எப்படி வளர்கிறது என்பதை இந்த வாரம் காலையில் பாடமாகவும் சாயங்காலம் வீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

1945 செப்டம்பரில் ஹனோயில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனம் வாசித்ததிலிருந்து ஆரம்பித்தேன். அதன் முதல் வரிகளை அமெரிக்காவின் பிரகடனத்திலிருந்தே எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து எங்களை ஆளவேண்டாம், எங்கள் நாட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அவர்கள் கேட்டது. அதற்கு ஆதரவு கேட்டு அமெரிக்க அதிபருக்குக் கடிதமும் தந்தியுமாகப் பல அனுப்பினார். எதற்கும் பதில் வரவில்லை. இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து, "ப்ளூ டிக்காவது விழுந்துச்சா மேம்?" என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் பஸ்ஸில் அது நினைவுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹைபோங் துறைமுகம். அங்கே சுங்கம் வசூலிப்பது யார் என்று இரண்டு தரப்புக்கும் தகராறு. ஒரு சீனப் படகைப் பிடித்ததில் ஆரம்பித்தது. சில நாட்களில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஊரையே சுட்டன. ஆயிரக்கணக்கில் ஜனம் செத்தது. அதன் பிறகு பேசித் தீர்க்க நினைத்தவர்களின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

அந்தப் பாடத்தை முடித்துவிட்டுத்தான் குற்றாலத்தில் பஸ் ஏறினேன். நல்ல சாரல், சீசன் கூட்டம், பஸ் ஊர்ந்துதான் வந்தது. இலஞ்சிக்குள் திரும்பும் இடத்தில் முன்னால் ஒரு லோடு ஆட்டோ வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு பீரோ, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்கள், சுற்றிலும் பித்தளைப் பாத்திரங்கள். என் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா, "யாரு வீட்டுக் கல்யாணச் சீரோ, இப்பிடி நனைஞ்சுக்கிட்டுப் போவுது" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். பிறகுதான் குத்துவிளக்கைப் பார்த்தேன். பெரிய குடத்தைப் பார்த்தேன். அதன் கழுத்தில் வெட்டியிருந்த பெயர் பஸ் ஜன்னலில் இருந்தே தெரிந்தது. சத்யபிரியா.

அத்தான், உங்கள் வீட்டிலிருந்து சீரைத் தூக்கிவரச் சொல்லி நான் சொல்லவில்லை. மாமா போகப்போகிறார் என்றே எனக்குத் தெரியாது. சீர் திரும்பி வந்தால் சம்பந்தம் முறிந்தது என்று ஊர் பேசும், அது மாமாவுக்குத் தெரியாதா? ஒவ்வொரு பாத்திரத்திலும் என் பெயர் இருக்கிறது. என்னைக் கேட்காமலே என் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அத்தை வாசலில் நின்று அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது ஆறவில்லை.

அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "யாரக் கேட்டுலே தூக்கிட்டு வந்த?" என்று மாமாவைக் கேட்டார். மாமா, "நீங்க சும்மா இருங்க மச்சான். பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு வேணும்லா" என்றார். அம்மா பாத்திரங்களை உள்ளே எடுத்து வைக்கவில்லை. இன்னும் முன்னறையில்தான் கிடக்கின்றன. தாண்டித் தாண்டித்தான் நடக்கிறோம்.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் இப்போது பயமாக இருக்கிறது. 1965இல் டா நாங் கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியதும் ஒரு விமானதளத்தைப் பாதுகாக்கத்தான். இறங்கியவர்களுக்கு இளம்பெண்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அந்தப் புகைப்படத்தை வகுப்பில் காட்டும்போது, நான் நீட்டிய காப்பி டம்ளர் ஞாபகம் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். மாமாவும் உங்கள் சித்தப்பாவும் மோதுவது எனக்காகவோ அத்தைக்காகவோ இல்லை. போன பஞ்சாயத்துத் தேர்தலில் ஒருவரை ஒருவர் கவிழ்த்த கணக்கு இன்னும் தீரவில்லை. முன்னறையில் ஆட்கள் உட்கார்ந்து பேசும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பேச்சில் தேர்தல் வருகிறது, கட்சி வருகிறது, யாரோ யாரையோ மேடையில் அவமானப்படுத்தியது வருகிறது. என் வேலை என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

வியட்நாமிலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்களுக்கு அமெரிக்கா ஆயுதமும் செலவும் கொடுத்தது, கம்யூனிசம் பரவக்கூடாது என்று. ஹோ சி மின் பக்கத்துக்குச் சீனா கொடுத்தது, பிறகு சோவியத்தும். பிரெஞ்சுக்காரர்கள் தோற்றுப் போன பிறகு, ஜெனீவாவில் உட்கார்ந்து நாட்டுக்கு நடுவில் தற்காலிகமாக ஒரு கோடு போட்டார்கள். இரண்டு வருடத்தில் தேர்தல் வைத்துச் சேர்த்துவிடலாம் என்றார்கள். தேர்தல் நடக்கவில்லை, கோடு நின்றுவிட்டது. தெற்கே முதலில் ஆலோசகர்கள் என்று வந்தார்கள். பிறகு படை வந்தது. கொரியாவிலிருந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து, தாய்லாந்திலிருந்து எல்லாம் சிப்பாய்கள் வந்தார்கள். வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். மாஜிதா எழுந்து, "மேம், எல்லாரும் வந்துட்டாங்க. அந்த ஊர்க்காரங்க கேட்டது என்னாச்சு?" என்றாள்.

அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். மீதியை நாளை எழுதுகிறேன்.

வெள்ளி, சாயங்காலம்.

நேற்று முடிக்காமல் வைத்தது நல்லதாயிற்று. இன்று விடிந்ததும் அப்பா வயலுக்குப் போனார். மோட்டார் அறைக் கதவு உடைந்து கிடந்தது. வயர் எல்லாம் அறுபட்டு, பாதியைக் காணோம். கையில் துண்டு வயரோடு திரும்பி வந்தார்.

மாமா அதைப் பார்த்ததும், "வல்லிநாயகம் ஆளுதான். வேற எவன் வருவான்?" என்றார். அப்பா, "நீ பாத்தியா? போன மாசம் ஆய்க்குடிப் பக்கம் செம்புக்காக இதே மாதிரி அறுத்துட்டுப் போனானுவ. அதுவாக்கூட இருக்கலாம்லா" என்றார். அது யார் காதிலும் விழவில்லை. மாமா அதற்குள் போனில் ஆட்களை வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1964இல் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மேல் இரண்டாவது முறையும் தாக்குதல் என்றார்கள். இருட்டில் கருவியில் ஏதோ தெரிந்ததை வைத்துச் சொன்னது. அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே இல்லை என்று பல காலம் கழித்துத் தெரிந்தது. அதைக் காரணம் காட்டி வாங்கிய அனுமதியில்தான் பெரிய போர் நடந்தது. இன்று காலை எங்கள் வாசலில் நான் அதைத்தான் பார்த்தேன்.

இப்போது வரும் ஞாயிற்றுக்கிழமை பற்றி. இலஞ்சி மண்டபத்தில் பேச்சுவார்த்தை என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அன்று மதியத்துக்கு மேல் வரும் ரயிலில் வருவதாக மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேச்சு என்பது பெயருக்குத்தான். மாமா இரண்டு வேன் சொல்லியிருக்கிறார். சித்தப்பா புளியரையிலிருந்து ஆள் கொண்டு வருகிறாராம். ஒரு வேனில் சீட்டுக்கு அடியில் கம்புகள் கிடப்பதை அப்பா கண்ணால் பார்த்தார். தென்காசி ஸ்டேஷனில் உங்களை ஏற்றிப்போகச் சித்தப்பாவின் கார் நிற்கும். "மாப்பிள்ள நம்ம கண்ணுல படாம மண்டபத்துக்குப் போயிரக்கூடாது" என்று மாமா தன் ஆட்களையும் அங்கேதான் நிறுத்துகிறார். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நீங்கள் பையோடு இறங்குவீர்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். தென்காசி வரை வராதீர்கள். அதற்கு முந்தின ஸ்டேஷன், செங்கோட்டையில் இறங்கிவிடுங்கள். அங்கே யாரும் நிற்கமாட்டார்கள். நான் மட்டும் நிற்பேன். நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள், அத்தையிடம்கூட இப்போது வேண்டாம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பஸ் நேரம் மட்டும் சொன்னார்.

முன்னறையில் கிடக்கும் பாத்திரங்களிலிருந்து ஒரு சின்னச் செம்பை மட்டும் என் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். மற்றதைத் தூக்க எனக்கு ஆளும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். நாம் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்குப் போவோம். அந்தச் செம்பை அத்தை கையில் நானே கொடுக்கிறேன். சீர் திரும்பியது என் சம்மதத்தோடு இல்லை என்று என் வாயால் சொல்கிறேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் விளக்கு நான்தான் வைப்பேன், ஆனால் வேலையை விடமாட்டேன் என்றும் சொல்கிறேன். முதலில் கேட்டதும் இதுதான், இப்போது கேட்பதும் இதுதான். இதற்கு மேல் எனக்காக யார் என்ன கேட்டிருந்தாலும் அது நான் கேட்டதில்லை. நாம் அங்கே உட்கார்ந்து பேசுகிறோம் என்று தெரிந்தால், மண்டபத்தில் இருப்பவர்கள் யாருக்காகச் சண்டை போடுவார்கள்?

அத்தை முன்னால் என் குரல் நடுங்கும். நின்றுபோனாலும் போகும். அப்போது பக்கத்தில் நில்லுங்கள். எனக்குப் பதிலாக நீங்கள் பேச வேண்டாம். நான் மறுபடி ஆரம்பிக்கும்வரை காத்திருந்தால் போதும்.

வியட்நாமிலிருந்து வெளியார் எல்லோரும் ஒரு நாள் கிளம்பிப் போனார்கள். விடுதலை கேட்ட காலத்திலிருந்து அதற்குள் முப்பது வருடம் ஆகியிருந்தது. எரிந்த மண்ணும் வெடிக்காத குண்டுகளும் அந்த ஊர்க்காரர்களுக்கு மிஞ்சின. இந்தப் பாடத்தின் கடைசிப் பகுதியைத் திங்கட்கிழமை நடத்த வேண்டும். அன்று காலையில் நான் எந்த வீட்டிலிருந்து பஸ் ஏறுவேன் என்று தெரியவில்லை.

உங்கள் பதில் எனக்கு வந்து சேர வழியில்லை. நீங்கள் செங்கோட்டையில் இறங்கினால் அதுதான் பதில். இறங்காவிட்டால், ரயில் போன பிறகு அந்தச் செம்போடு தென்காசியில் உங்கள் வீட்டுக்கு நான் தனியாகவே போவேன். அப்படிப் போக வைத்துவிடாதீர்கள்.

இலஞ்சிக் குமாரர் உங்களை ஒரு கீறலும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும் வழியில் பட்டினி கிடக்காதீர்கள். புனலூர் தாண்டினால் மலையில் மழை இருக்கும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். ஆனால் தூங்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
செங்கோட்டை நடைமேடையில் நிற்கும்
உங்கள் பிரியா