நேப்பிள்ஸில் ஒரு பகல்

ரங்கூன், 1926, ஐப்பசி 9.

மாணிக்கம் நாளை லண்டன் கப்பல் ஏறுகிறான். அவன் ஒரு வெள்ளைக்காரத் துரையின் சமையற்காரன். வழியில் இத்தாலியில், நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல் நிற்குமாம். கப்பலில் கரி தள்ளப் போன என் அண்ணனை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். யாரும் பால் ஊற்றவில்லை.

சாயங்காலம் மாணிக்கம் வந்தான். அந்தப் பகலுக்குத் திட்டம் போட்டோம். துரை எரிமலை பார்க்கப் போய்விடுவார். "இறங்கினதும் பால் வாங்கு. வண்டிக்காரன்கிட்ட கண்ணை மூடிப் படுக்கிற மாதிரி காட்டு, கல்லறைக்கு விடுவான்" என்றேன்.

"சத்திரத்துக்கு விட்டுட்டா?" என்றான். சிரித்தோம். கடைக்கு ஆள் அனுப்புவதுபோல்தான் பேசிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

அண்ணி மா மியா பர்மாக்காரி. வெற்றிலைத் தட்டை வைத்தாள்.

"பால் வேணாம் தம்பி. ஊத்தினா அங்கேயே தங்கிடுவாரு. எங்க ஆளுங்க செத்தவங்களை வீட்டுக்குக் கூப்பிடுவாங்க." பிறகு அவனிடம் திரும்பினாள். "அண்ணே, பேரைச் சொல்லி, 'வாங்க, கப்பல் நிக்குது, வீட்டுக்குப் போவோம்'னு கூப்பிடுங்க. உங்க பின்னாலேயே ஏறிடுவாரு."

மாணிக்கம் என்னைப் பார்த்தான். நான் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கூட்டிட்டு வர்றேன் தங்கச்சி" என்றான்.

துரை லண்டனிலேயே தங்கப் போகிறார். மாணிக்கமும் அங்கேதான். அவன் பின்னால் ஏறினால் அண்ணனும் லண்டனுக்குத்தான் போவான். அண்ணிக்கு இது தெரியாது. நான் சொல்லியிருக்கலாம்.

இப்போது விளக்கைத் தணிக்க வந்தவள் கேட்டாள்.

"உங்கண்ணன் எப்ப வந்து சேருவாரு தம்பி?"

"பொங்கலுக்குள்ள வந்துருவான் அண்ணி."