சேணத்துக்கு அடியில்

குதிரை வாத்தியாருக்கு வீட்டுக்காரி எழுதுவது.

கருப்பிக்குத் திமிர் என்று நேற்றும் சாட்டையை எடுத்தீர்கள். காலையில் சேணம் இல்லாமல் நடத்திப் பார்த்தேன், பூனை மாதிரி வந்தது. சேணத்தை வைத்ததும் காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. முதுகைத் தடவினால் உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம். செத்துப்போன பழைய குதிரையின் அளவுக்குத் தைத்த சேணத்தை இதற்கு மாட்டினால் கும்பிடவா செய்யும்?

மாட்டு டாக்டர் மதியம் வருவார். அவரிடமும் "சும்மா நடிக்குதுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். லாயச் சாவி ஆணியில் இருக்கிறது. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: நான் இடுப்பு வலி என்றபோதும் "உடம்பு வளையலடி உனக்கு" என்றுதான் சொன்னீர்கள். நான் உதைக்கவும் இல்லை, கடிக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போகிறேன்.