கயிற்றைப் பிடித்திருந்தவர்

அண்ணே,

நீங்கள் போன துக்கம் விசாரிக்க இன்று அமராவதிபுதூருக்கு, உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். கால் கழுவக் கிணற்றில் வாளியை விட்டபோது கயிறு கையில் தொளதொளவென்று இறங்கியது. கப்பல் தளத்தில் நீங்கள் நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்துவிட்டது. வாளி நிறைந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

வங்கக்கடலில் நாம் இறக்கிய கருவி ஆள் உயர உருளை. அதன் மூக்கிலிருந்த உணரிகள், விழுந்துகொண்டே நீரின் கொந்தளிப்பை ஆழம் ஆழமாக அளக்கும். அது தன் போக்கில் விழ வேண்டும். கயிறு கொஞ்சம் இறுகினாலும் கயிற்றின் அதிர்வைக் கடலின் அதிர்வென்று பதிந்துவிடும். "தண்ணி மேல ரெண்டு சுத்து தளர்வா மெதக்கணும். பயந்து இழுத்துப் பிடிச்சுறாதீக" என்பீர்கள். நீங்கள் கயிற்றை இறக்கி ஏற்றும் வின்ச் எந்திரத்தை இயக்க வந்தவர், நான் ஆராய்ச்சிக்காரி. நான் உங்கள் ஊருக்குப் பக்கத்துக் காரைக்குடி என்று தெரிந்த அன்றே அண்ணன் ஆகிவிட்டீர்கள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடப் போகும்போது, "நான் வார வரைக்கும் இறக்காதீக" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். எனக்கென்ன அவசரமோ, இறக்கினேன். நீரோட்டம் கயிற்றைக் கப்பலுக்கு அடியில் இழுத்தது. கருவி போய்விடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடித்தேன். அந்த இறக்கத்தில் பதிவானது முழுவதும் குப்பை.

சாயங்காலம் தலைமை விஞ்ஞானி திரையைக் காட்டி, "கயித்துல யாரு நின்னது?" என்று கேட்டார். பதிவுத் தாளில் வழக்கம்போல உங்கள் பெயர். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நான்தேன் சார்" என்றீர்கள். அடுத்த பயணத்துக்கு உங்களைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும்.

பிறகொரு நாள் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் பார்த்துக்கொண்டோம். "அடுத்து எப்பக் கெளம்புறீக? என்னைப் பத்தி எதுவும் சொன்னாகளா?" என்றீர்கள். மறுநாள் கப்பல் ஏறுவதற்கான பை என் தோளில் தொங்கியது. "தெரியலண்ணே" என்றேன். எப்பேர்ப்பட்ட வெட்கங்கெட்டவள் நான்! இப்போது என் அளவீடுகளைச் சுத்தமானவை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். அந்த இரண்டு சுற்றுத் தளர்வு நீங்கள் சொல்லித் தந்தது என்பதை அவர்களிடமும் நான் சொன்னதில்லை.

இன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதோ தப்புப் பண்ணிட்டாகன்னு நிப்பாட்டிட்டாகளாம். அப்படி என்னதேன் செஞ்சாக? நீங்க கூட இருந்தீகளே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி" என்றேன்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பக்கூடாது. அந்த வழக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, அண்ணி அடுத்த கேள்வி கேட்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன், அண்ணே.