இன்னொரு அகவணக்கம்

நவம்பர், ஞாயிறு இரவு

கை வீங்கியிருக்கிறது. பேனை பிடிக்கவே வலிக்கிறது.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேலே உள்ள மண்டபத்தில் இன்று எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டம். மெல்பேர்ணிலிருந்து வந்திருக்கும் தங்கை வாசுகியைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே நிலம் பறிக்கப்பட்ட பூர்வகுடிகளோடு அரசு ஒப்பந்தம் செய்வது பற்றி ஊர் ஊராகப் பேசுகிறார்களாம். அவளும் போய் உட்கார்ந்து கேட்கிறவள். வழக்கம்போல, போரில் இறந்தவர்களுக்காக விளக்கேற்றி ஒரு நிமிட மௌன அகவணக்கத்துக்கு எழுந்தோம்.

"நான் இருக்கிற மண்ணிலை கொல்லப்பட்ட பூர்வகுடிச் சனத்துக்கும் சேர்த்து நிப்பம்" என்றாள் வாசுகி.

எங்கள் இருவருக்கும் மூத்தவரான பெரியண்ணைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கடை சாவோடை ஆரைக் கொண்டுவந்து சேர்க்கிறாய்? அது எந்தக் காலத்துக் கதை? பழசை மறக்கச் சொல்லு அவையை."

"ஊரிலை எங்கடை காணியைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஆமிக்காரனும் அதைத்தானே சொல்லுறான், அண்ணை?"

அறைந்துவிட்டார். அவள் உதடு கிழிந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினேன். விளக்கோடு சரிந்தார். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் இரத்தம். கொட்டிய எண்ணெயில் பற்றிய நெருப்பை யாரோ சப்பாத்துக் காலால் மிதித்து அணைத்தார்கள்.

"அகவணக்கம் இன்னும் முடியேல்லை" என்றார் சங்கத் தலைவர்.

எல்லோரும் தலை குனிந்து நின்றோம். வாசுகி நின்றாள். பெரியண்ணையும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். நான் கண்ணை மூடினேன். செத்தவர்கள் ஒருவரும் நினைவில் வரவில்லை. அடுத்த அடியை அவருக்கு எங்கே போடலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.