ஒன்றும் தடவாத துணி

இன்று காலை விராலிமலைக்காரர் ஒருவருடைய முதுகில் துணித் துண்டுகளை ஒட்டினேன். எது பட்டு அவர் கை கொப்பளிக்கிறது என்று கண்டுபிடிக்க. கடைசித் துண்டில் எதுவும் தடவவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்து, "இதுல ஒண்ணுமில்லையேங்க டாக்டர், எதுக்கு ஒட்டுறீங்க?" என்றார். வெறும் ஒட்டு மட்டும் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் என்றேன். உன் முதுகில் நான் ஒட்டாமல் விட்டது அந்தத் துண்டு.

நமக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம். உன் நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் தடித்து நீர் கசிந்தது. எனக்கோ பட்டணத்தில் படித்துவிட்டு வந்த திமிர். கடைக் குங்குமம், மஞ்சள், சந்தனம், சாந்து, நல்லெண்ணெய் ஐந்தையும் துணித் துண்டுகளில் தடவி, முதுகில் வைத்து, பிளாஸ்திரி போட்டேன். இரண்டு நாள் குளிக்கக் கூடாது என்றேன். வெள்ளிக்கிழமையும் தலைக்குக் குளிக்கவில்லையே என்று ஆத்தா முணுமுணுத்தாள். நீ பொறுத்துக்கொண்டாய். ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"ஏங்க, நீங்க தடவுனது அரிக்கலை. இந்த ஒட்டுதான் அரிக்குது."

"நீயா டாக்டர், நானா?"

"நீங்கதான். முதுகு மட்டும் என்னுது."

பிரித்தபோது ஐந்து இடமும் சிவந்திருந்தன. ஐந்துமே ஆகாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டேன். எல்லாம் ஒரேபோல் சிவக்குமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் இலுப்பூரில் உன் தம்பி கல்யாணம். தாலியில் அவன் முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனாரான நீ போட வேண்டும். அதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தாய். மணைக்குப் பக்கத்தில் போன உன்னை உன் பெரியம்மா தடுத்தார்.

"வெறும் நெத்தியோட முடிச்சுப் போடக்கூடாதுத்தா. அங்கிட்டு உக்காரு."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அவளுக்குத் தோல் வியாதி, பொட்டு வைக்கக் கூடாது" என்று சபை கேட்கச் சொன்னேன். உன் பக்கத்தில் நின்ற பெண்கள் நகர்ந்துகொண்டார்கள். உன் சித்தப்பா மகள் முடிச்சுப் போட்டாள். மேளச் சத்தம் ஓயும்வரை நீ பந்தக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊர் திரும்பிய சில நாளில் அரிவாள்மணையில் விரலை நறுக்கிக்கொண்டாய். பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி சுற்றினேன். பிரித்தால், ஒட்டிய இடமெல்லாம் அதே சிவப்பு. பஞ்சுக்கு அடியில் மட்டும் ஒன்றுமில்லை. உனக்கு ஆகாதது பிளாஸ்திரிப் பசை. மறுபடியும் அந்த ஐந்தையும், பிளாஸ்திரி இல்லாமல், துணியால் உடம்போடு கட்டிப் பார்த்தேன். கடைக் குங்குமம் வைத்த இடம் மட்டும்தான் சிவந்தது.

"சாந்துப் பொட்டு வச்சுக்க" என்றேன்.

"இதைச் சொல்ல இத்தனை நாளாங்க?" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடியை எடுத்தாய். 'நீ சொன்னதுதான் சரி' என்பது தொண்டைவரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

போன ஐப்பசியில் விஷஜுரம் உன்னைக் கொண்டுபோயிற்று.

என்னிடம் வருகிறவர்கள் மரியாதைக்காரர்கள். அரிக்கிறதா என்றால் அரிக்குதுங்க என்கிறார்கள். இல்லையே என்றால் இல்லைங்க. ஆத்தாவும் இப்போதெல்லாம் என்னிடம் வாய் கொடுப்பதில்லை. இன்று மத்தியானம் ரசத்தில் உப்பில்லை என்று கத்தினேன். அவள் பேசாமல் உப்பு மரவையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உப்பைப் போடுமுன் இன்னொரு வாய் எடுத்தபிறகுதான் தெரிந்தது, உப்பு சரியாகத்தான் இருந்தது.

"உப்பு இருக்கேங்க" என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.