திரையில் எழுதிய தாளம்

மரக்காணம்,
20.3.2006

அருள்மொழியின் அப்பாவுக்கு,

நேற்று மாலை இரும்பைக்குப் போனேன். வேலையை விட்டதற்காக நீங்கள் பேசாமலிருக்கும் நம் மகள், அங்கே ஒரு கச்சேரியில் கம்ப்யூட்டரில் இசை வாசித்தாள். கம்ப்யூட்டருக்கு அவள் டைப் அடித்த கட்டளை வரிகள் திரையில் தெரிந்தன. ஒவ்வொரு வரிக்கும் இசை மாறியது. நாங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் சத்தத்தைப் பதிவுசெய்து, அதையே தாளமாக்கியிருந்தாள்.

நடுவில் எல்லாம் நின்றுபோனது. யாரோ சிரித்தார்கள்.

"ஒரு எழுத்து தப்பாயிடுச்சுங்க, இருங்க" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கவே திருத்தினாள். தாளம் மறுபடி கிளம்பியதும் கூட்டமே எழுந்து கைதட்டியது.

வெளியே வரும்போது ஒருவர், "யாரு பொண்ணும்மா இது?" என்று கேட்டார்.

உங்கள் பெயரைத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி